ஒழுங்கைக் காவல்: யாழ்ப்பாணத்தில் அயல் விழிப்புக் குழு ஒன்றைத் தொடங்கி நடத்துவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஒழுங்கையில், அதாவது எங்கள் சின்னத் தெருவில், பதினேழு வீடுகள். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில், பத்து நாளுக்குள் மூன்று வீடுகளில் தண்ணி மோட்டர் களவு போனது. மூன்று வீட்டுக்காரரும் தங்களுக்கு மட்டும்தான் போனது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். திருவெம்பாவைக்குப் பூ ஆய வந்த மூலைவீட்டு மாமி வாய்விட்டுச் சொன்னபோதுதான் கணக்குக் கூடியது. விடியப்புறம் மூன்று மணிபோல நாய்கள் குலைத்ததை நாங்கள் எல்லோருமே கேட்டிருந்தோம். எழும்பி லைற்றைப் போட்டவர் ஒருவருமில்லை.

பொலிஸுக்கும் யாரும் போகவில்லை. "போய் என்ன, மோட்டர் திரும்பியா வரப்போகுது?" அப்புறம் இரவு ரோந்து கேட்டு நாலு பேராகப் பொலிஸ் நிலையம் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, உங்கள் பக்கம் களவு ஒன்றுமே பதிவாகவில்லையே என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. முறைப்பாடு இல்லாத களவு அவருடைய கணக்கில் நடக்காத களவு.

அன்றிலிருந்து தட்டுத்தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். அயல் குழுவின் வேலை பார்ப்பது, சொல்வது, எழுதிவைப்பது. பிடிப்பதும் அடிப்பதும் அதன் வேலை அல்ல. இதில் உடன்பாடில்லாதவர்கள் இதற்குமேல் வாசிக்கத் தேவையில்லை.

தொடங்குமுன்: தலையாட்டிப் பயம்

வேறு ஊர்களில் இப்படியான வேலையை ஒரு கூட்டத்தோடு தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் அதற்குமுன் ஒரு பழைய காயத்தைத் தொடவேண்டும். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் போர்க்கால இராணுவச் சுற்றிவளைப்பு ஞாபகம் இருக்கும். ஊரையே வெயிலில் வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவர் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். அவர் தலையாட்டினால் அந்த ஆளின் கதை முடிந்தது. அந்தத் தலையாட்டியும் அநேகமாக நம் ஊரவர்தான். பொலிஸுக்குத் தகவல் கொடுப்பது என்றதும் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முகம்தான்.

பிந்திய காலமும் பெரிதாக ஆறுதல் தரவில்லை. 2011 ஆவணியில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் திரிகிறார்கள் என்ற கிறீஸ் பூதக் கதை நாடெங்கும் பரவியபோது, மர்ம மனிதனைத் துரத்திப் போன நாவாந்துறைச் சனத்துக்கு இரவோடிரவாக அடியும் கைதும்தான் கிடைத்தது. 2016 ஐப்பசியில் கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள், பிறகுதான் பொலிஸாரின் துப்பாக்கிச் சூடு என்று தெரிந்தது. இவற்றை மறந்துவிட்டு வாருங்கள் என்று அயலட்டையிடம் கேட்பது நியாயமில்லை, கேட்டாலும் வரமாட்டார்கள்.

ஆகவே முதல் நாளே ஒரு விதியை எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்: குழு சம்பவங்களைப் பற்றி மட்டும் பேசும். யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார், யாருக்கு வெளிநாட்டிலிருந்து எவ்வளவு காசு வருகிறது, யார் வீட்டுக்கு எந்த உறவு வந்து தங்கியிருக்கிறது என்பவை குழுவின் கொப்பியில் ஏறக்கூடாது. வெளியிலிருந்து யார் கேட்டாலும் குழுவாகச் சொல்லவும் கூடாது. இந்த விதியைக் கேட்ட பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வரவே சம்மதித்தார்கள்.

படி 1: இரண்டு தரம் நடந்து பாருங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு ஒருமுறை, இரவு எட்டரைக்கு ஒருமுறை ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடவுங்கள். ஒரு வரைபடம் கீறுங்கள், வடிவாக இருக்கவேண்டியதில்லை. எரியாத தெருவிளக்கு எது, பூட்டிக் கிடக்கும் வீடு எது, வயதானவர் தனியாக இருப்பது எங்கே, மதில் இடிந்து அல்லது தகரவேலி பிரிந்து குறுக்குவழி விழுந்த இடம் எது, கமரா பூட்டிய வீடு எது, அது றோட்டைப் பார்க்கிறதா வாசலை மட்டும் பார்க்கிறதா என்று குறியுங்கள்.

இரவு நடையில்தான் உண்மை தெரியும். பகலில் எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு வளைவில், இரவில் தன் கையே தெரியாத இருட்டு. மூன்று மோட்டரும் அந்த வளைவுக்கு இரண்டு பக்கமும் உள்ள வீடுகளிலிருந்துதான் போயிருந்தன.

தெருவிளக்கு மாநகர சபையின் அல்லது உங்கள் பிரதேச சபையின் பொறுப்பு. தூண் நிற்கும் இடத்தை அடையாளம் சொல்லி எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு ஆயுள் அந்த உத்தியோகத்தர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரைதான்.

பற்றை வளவு எங்கள் ஊருக்கேயுரிய தலையிடி. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ, வளவுக்குள் நாயுருவியும் விளாத்திக் கன்றும் ஆளுயரம். நேரடியாகப் பாதுகாப்பு என்று சொல்லிப் போனால் யாரும் அசையமாட்டார்கள். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: டெங்கு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நுளம்பு பெருகும்படி காணியை வைத்திருப்பவருக்கு எதிராக நடவடிக்கை எடுக்கலாம். பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) மழைக்கு முன்னரே, புரட்டாதியில், சொல்லிவையுங்கள். காணிக்கு அற்றோர்ணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரம், வைத்திருக்கும் உறவினர் பெரும்பாலும் பக்கத்து ஊரில்தான் இருப்பார். வழக்கு என்ற சொல்லைக் கேட்டால் துப்புரவாக்க ஆள் பிடிப்பார்.

படி 2: உங்கள் எல்லை எது?

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. உங்கள் பிரிவுக்கு ஜே என்று தொடங்கும் ஓர் இலக்கம் இருக்கும், வாக்காளர் பதிவிலோ கிராம அலுவலரின் சான்றிதழிலோ பார்க்கலாம். கிராம விதானைப் பதவி 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் (இன்றைய கிராம அலுவலர்) வந்தபோதும், எங்கள் வாயில் அவர் இன்னும் விதானையார்தான். அது வெறும் பழக்கதோஷமும் இல்லை. பழைய விதானைமாருக்குப் பொலிஸ் கடமையும் இருந்தது. இன்றைய குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலும், எழுத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட கிராம அலுவலர் சமாதான உத்தியோகத்தராகக் கருதப்படுகிறார்.

பொலிஸ் எல்லை வேறு கதை. கிராம அலுவலர் பிரிவும் பொலிஸ் பிரிவும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்றில்லை. றோட்டின் ஒரு கரை ஒரு நிலையத்துக்கும் மறுகரை இன்னொரு நிலையத்துக்கும் போகிற இடங்கள் உண்டு. சம்பவம் நடந்த இரவில் இதைத் தேடிக்கொண்டு நிற்காமல் முன்கூட்டியே விதானையாரிடம் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நிலையத்தின் நேரடித் தொலைபேசி இலக்கமும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

படி 3: முதல் கூட்டம்

இடம் முக்கியம். கோவில் மண்டபம் வசதியாக இருக்கும், ஆனால் எல்லோரும் அங்கே சமமாக இருந்து கதைப்பார்களா என்று உங்களையே கேளுங்கள். சாதி இல்லை என்று மேடையில் பேசுகிற ஊரில், கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று பார்த்தால் விஷயம் விளங்கும். சனசமூக நிலையம் பரவாயில்லை. அதைவிட ஒரு வீட்டு முற்றத்தில் மாமர நிழல் நல்லது. நேரம் ஞாயிறு பின்னேரம் நாலரை. இரவு ஏழு மணிக்கு வைத்தால் தொலைக்காட்சி நாடகத்துடன் போட்டி போடவேண்டும், தோற்பீர்கள்.

பெண்கள் இல்லாமல் தொடங்காதீர்கள். பகலில் ஒழுங்கையில் இருப்பவர்கள் அவர்கள்தான். புதிதாக யார் வந்தார், எந்த மோட்டார் சைக்கிள் மூன்று தரம் சுற்றியது என்று அவர்களுக்குத் தெரியும். வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வரும் ஆண்கள் பத்துப்பேர் கூடிப் பாதுகாப்பு பற்றிப் பேசினால் அது வெறும் அரட்டை.

பதவிகள் வேண்டாம். தலைவர், உபதலைவர், போஷகர் என்று போட்டால் மறுவாரமே மனஸ்தாபம் வரும். மூன்று வேலைகள் போதும்: கொப்பி எழுதுகிறவர், விதானையாரோடும் பொலிஸோடும் தொடர்பு வைத்திருப்பவர், தனியாக இருக்கும் முதியவர்களை நாளுக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பவர். உள்ளூராட்சித் தேர்தலில் நிற்க நினைப்பவரையும், அயலோடு காணி வழக்கு உள்ளவரையும் தொடர்பாளர் ஆக்காதீர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் அவர்கள் கொடுக்கும் தகவலை ஊர் நம்பாது.

படி 4: பொலிஸ் நிலையத்துக்கு, களவு நடக்காத ஒரு நாளில்

முதல் சந்திப்பு ஒரு பிரச்சினையின் நடுவில் வரக்கூடாது. விதானையாரையும் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று பேராக, ஒரு பக்கக் கடிதத்தோடு போங்கள். கடிதம் தமிழில் இருக்கட்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் உள்ளது, யாரும் தரும் சலுகை அல்ல. அங்கே தமிழ் வடிவாகத் தெரிந்த உத்தியோகத்தர் யார் என்று கேட்டு, அவருடைய பெயரையும் கடமை நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் பொலிஸின் குழு ஒன்று இருக்கும். முன்பு சிவில் பாதுகாப்புக் குழு என்றார்கள், இப்போது சமூகப் பொலிஸ் குழு என்கிறார்கள். அதில் சேரலாமா? எங்கள் ஒழுங்கையில் இதற்காகவே இரண்டு கூட்டம் போனது. கடைசியில், ஒருவர் அங்கே போய் வருவது, ஒழுங்கைக் குழு தனியாகவே இருப்பது என்று முடிவெடுத்தோம். பொலிஸின் குழு பொலிஸின் தேவைக்குக் கூடும். எங்கள் குழு எங்கள் தேவைக்குக் கூடவேண்டும்.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். "ரோந்து கூட்டுங்கோ" என்றால் "சரி, பார்ப்போம்" என்றுதான் பதில் வரும். "இந்த வளைவில், இரவு ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் இடையில், வெள்ளி சனி" என்று கொப்பியைக் காட்டிக் கேட்டபோதுதான் எங்களுக்கு ஜீப் வந்தது. எல்லா வாரமும் வந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

படி 5: வட்ஸ்அப் குழுமம்

இதுதான் அதிகம் உதவுவதும் அதிகம் கெடுப்பதும். எங்கள் குழுமத்தில் ஒருநாள் வந்த செய்தி: "கவனம்!!! கள்ளர் வந்திட்டாங்கள், எல்லாரும் வெளியில வாங்கோ." எந்த இடம், எத்தனை பேர் என்று ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பேர் பொல்லோடு வந்து நின்றோம். நடுவில் சைக்கிளோடு ஒரு பெடியன். உடுவிலில் இருந்து வந்து ஒழுங்கையில் யாருக்கோ பிறந்தநாள் கேக் கொடுக்க வீட்டிலக்கம் தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய கை நடுங்கியதில் கேக் பெட்டி சரிந்து ஐசிங் முழுக்க மூடியில் ஒட்டிக்கொண்டது. அன்று யாரும் கைவைக்கவில்லை, தெய்வாதீனம்.

அதற்குப் பிறகு செய்திக்கு ஓர் அமைப்பு வைத்தோம். நேரம், இடம், கண்ணால் கண்டது, எந்தப் பக்கம் போனது. ஊகத்துக்கு இடமில்லை. உதாரணம்: "இரவு 9.20. பிள்ளையார் கோவில் பக்க முனை. கறுப்பு மோட்டார் சைக்கிள், இரண்டு பேர், இலக்கத்தகடு துணியால் மூடியிருந்தது. கே.கே.எஸ். வீதிப் பக்கம் போனது." இவ்வளவு போதும்.

படம் போடுவதற்குத் தடை. சந்தேகப்பட்ட ஆளின் முகத்தைக் குழுமத்தில் போட்டால் பத்து நிமிடத்தில் அது முகநூலில் இருக்கும், அந்த ஆள் குற்றமற்றவர் என்றால் திருப்பி எடுக்க வழியில்லை. கமராப் பதிவு இருந்தால் அழியுமுன் தனியாக எடுத்து வைத்துப் பொலிஸிடம் மட்டும் கொடுங்கள். பல கமராக்களில் பழையதன்மேல் புதியது தானாகப் பதிவாகிவிடும். காலை வணக்கப் படங்களையும் ஜாதகப் பலனையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவசரச் செய்தி அவற்றின் நடுவில் தொலைந்துபோகும்.

படி 6: அந்த நேரத்தில்

முதலில் லைற். ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில் வெளி லைற் எரிந்தால் பெரும்பாலான களவு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அடுத்தது தொலைபேசி. பொலிஸ் அவசர இலக்கம் 119. தமிழில் முறையிட 107. காயம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை. வாள்வெட்டுக் கும்பல் வந்தால் கேற்றைத் திறக்காதீர்கள், வீரம் காட்டாதீர்கள், ஜன்னலோரம் நின்று வீடியோ எடுக்காதீர்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் நேரத்தைக் குறிக்கட்டும்.

கள்ளன் கையில் அகப்பட்டுவிட்டால்? பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றத்தை உங்கள் கண்முன்னே செய்தவரைத் தனிநபரும் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தாமதமின்றிப் பொலிஸில் ஒப்படைக்கவேண்டும். மின்கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அடித்தவர்தான் பிறகு நீதிமன்றத்தில் எதிரியாக நிற்பார், கள்ளன் முறைப்பாட்டாளர் ஆகிவிடுவான். கதிரையில் இருத்தி, தண்ணி கொடுத்து, நாலு பேர் சுற்றி நின்றால் போதும்.

கதவு உடைந்திருந்தால் தொடாதீர்கள். அம்மாமார் உடனே தும்புத்தடியோடு கூட்டத் தொடங்குவார்கள், அதை நிறுத்துவதுதான் கஷ்டமான வேலை.

படி 7: முறைப்பாடு எழுதுதல்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. சின்னக் களவு என்றாலும் போய் எழுதுங்கள். முறைப்பாட்டை வாயால் சொன்னால், எந்த மொழியில் சொல்கிறீர்களோ அந்த மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. விளங்காத மொழியில் எழுதியிருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். நடைமுறையில் நான் கண்ட நல்ல வழி, வீட்டிலேயே தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போவது. திகதி, கடைசியாகப் பொருளைக் கண்ட நேரம், காணாததைக் கவனித்த நேரம், பொருளின் அடையாளம், பெறுமதி. யாரையும் சந்தேகிக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆதாரம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு உள்ள பழைய கோபத்தை அங்கே தீர்க்கவேண்டாம்.

இதற்கு வசதியாக இன்றே ஒரு வேலை செய்யலாம். மோட்டரில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கம், சைக்கிளின் சட்ட இலக்கம், மோட்டார் சைக்கிளின் செஸி இலக்கம், போனின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் எல்லாவற்றையும் எழுதி, நகைகளைப் படமெடுத்து வையுங்கள். போனில் நட்சத்திரம், ஹாஷ், பூச்சியம் ஆறு, ஹாஷ் அடித்தால் அந்த இலக்கம் வரும். "நீலநிற மோட்டர்" என்று முறைப்பாடு கொடுத்தால், அது மீட்கப்பட்டாலும் உங்களுடையது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சிறு கட்டணத்துக்குப் பிரதியும் எடுக்கலாம். எழுத மறுத்தால் சண்டை போடாமல் நேரத்தையும் உத்தியோகத்தரையும் குறித்துக்கொண்டு வந்து மேலதிகாரிக்கும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அவசர இலக்கம் 1996.

படி 8: பொலிஸ் தேவைப்படாத, தேவைப்படும் மூன்று விஷயங்கள்

வேலிச் சண்டை, பங்குக் கிணறு, ஒழுங்கைக்குள் தண்ணி விடுவது. இவற்றைப் பொலிஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபை 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் இதற்காகவே அமைக்கப்பட்டது.

வீட்டுக்குள் நடக்கும் அடி வேறு. "அது அவையின்ர குடும்பப் பிரச்சினை" என்று காதைப் பொத்திக்கொள்வது எங்கள் ஊரின் பெரிய குறை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம், அது 12 மாதம்வரை செல்லும். உதவிக்கான தொலைபேசி இலக்கம் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. குழுமத்தில் இதைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. ஒரு பெண் மட்டும் போய் அந்தப் பெண்ணோடு கதைக்கட்டும்.

பெடியள் விஷயம் எல்லாவற்றிலும் நுட்பமானது. ஐஸ், மாத்திரை, கஞ்சா என்று அயலில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தடுமாறுகிறான் என்றால், அவன் பெயரைக் கொப்பியில் எழுதவேண்டாம். விற்பவனும் வாங்குபவனும் ஒன்றல்ல. விற்பனை நடக்கும் இடத்தைப் பற்றி இடம், நேரத்தோடு பொலிஸுக்குச் சொல்லலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம். பிள்ளையைப் பற்றித் தாய்தகப்பனோடு, அவன் மதிக்கும் ஒரு மாமாவோடு, ஒரு வாத்தியாரோடு கதையுங்கள். யாரையாவது பொலிஸ் கைதுசெய்தால், காரணத்தைச் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தையும் கொப்பியின் முதல் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

படி 9: திருவிழாக் காலம்

நல்லூர்க் கொடியேறினால் 25 நாள். தேரன்று விடிய நாலு மணிக்கே வீடுகள் வெறிச்சோடும், வெளிநாட்டு உறவுகளும் வந்து நிற்கும் காலம், சூட்கேஸ் நிறைய நகை. கள்ளருக்கும் கலண்டர் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் தேருக்குப் போகும் வீடுகளையும், அடுத்தநாள் தீர்த்தத்துக்குப் போகும் வீடுகளையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்வோம். எப்போதும் நாலு வீட்டில் ஆள் இருக்கும். கோவிலுக்கு மெல்லிய சங்கிலி போதும், முருகன் பவுண் பார்ப்பதில்லை. கோவில் படத்தை வீடு திரும்பிய பிறகு முகநூலில் போடுங்கள்.

கொப்பி

ஆறு மாதம் ஒன்றும் நடக்காவிட்டால் குழு கலைந்துவிடும். கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வருவார்கள். பரவாயில்லை, கொப்பி மட்டும் நிற்கக்கூடாது. மாதத்துக்கு ஒருமுறை இரவு நடை, எரியாத லைற், புதிதாக வாடகைக்கு வந்தவர்களிடம் போய் ஒரு வணக்கமும் குழுவின் விதியும். வருடத்துக்கு ஒருதரம் எழுதுகிறவர் மாறவேண்டும்.

எங்கள் கொப்பி இப்போது மூலைவீட்டு மாமியிடம் இருக்கிறது. போனவாரம் வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பதிவு இது: "விடிய 2.40. நாய் குலைத்தது. வெளி லைற் போட்டேன். எதிர்வீட்டிலும் போட்டார்கள். மதிலில் மரநாய், குட்டியோடு."